கிரெட்டேசியஸ் விசிறிச் சிப்பியை விவரிப்பது எப்படி?

கிரெட்டேசியஸ் என்பது டைனோசர்களின் கடைசிக் காலம். அக்காலப் புதைபடிவ ஓட்டை அறிவியல் முறையில் எழுதிப் பெயர் சூட்டுவதைத்தான் இங்கே விவரிப்பது என்கிறேன். முதலில் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் ஓட்டோடு விற்கும் ஸ்காலப், அதாவது விசிறிச் சிப்பி, நாலைந்து வாங்குங்கள். சதையைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கழுவி வையுங்கள். புக்கிட் தீமா கருங்கல்லைத் தட்டினால் புதைபடிவம் கிடைக்காது. பழகுவதற்கு இந்த ஓடு போதும்.

ஓட்டின் கூர்முனை மேலே, வெளிப்புறம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். முனைக்கு இருபுறமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். வலக்கைப் பக்கக் காதுக்குக் கீழே ஆழமான வெட்டு தெரிந்தால் அது வலது ஓடு. அவசரப்பட்டால் இங்கேதான் தவறும். இடது ஓட்டையும் வலது ஓட்டையும் இரண்டு இனங்கள் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

இனிப் புதைபடிவம். அரியலூர், திருச்சி வட்டாரச் சிப்பிகளை ஸ்டோலிஸ்கா என்ற புதைபடிவ ஆய்வாளர் 1871-லேயே ஒரு நூலில் விவரித்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கல் என்றால் முதலில் அந்த நூலைப் புரட்டுங்கள். எடுத்த இடமும் பாறை அடுக்கும் குறிக்காத கல்லை ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கிரெட்டேசியஸ் கடலில் பரவியிருந்த நெய்தியா பேரினத்தை எடுத்துக்கொள்வோம். வலது ஓடு கிண்ணம் போலக் குழிந்திருக்கும், இடது ஓடு மூடி போலத் தட்டை. விசிறி மடிப்பாக ஓடும் வரிகளில் சில தடித்தவை, இடையில் மெல்லியவை. இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். மேசை விளக்கை இடப்பக்க மேல்மூலையில் சாய்த்து வைத்தால், நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த மெல்லிய வரிகள் நிழலோடு எழுந்து நிற்கும். படம் எடுக்குமுன் நவச்சாரப் (அம்மோனியம் குளோரைடு) புகையால் ஓட்டை வெளுக்க வைப்பதும் இதற்காகத்தான். அந்தப் புகை வேலையை வீவக அடுக்குமாடி வீட்டு அடுப்படியில் செய்யாதீர்கள், ஆய்வுக்கூடத்தில் மட்டும்.

உயரம் முனையிலிருந்து கீழ்விளிம்பு வரை, நீளம் அதற்குக் குறுக்கே. ஒரே ஓட்டை அளந்து முடிவுகட்ட வேண்டாம். குஞ்சுச் சிப்பிக்கும் முதிர்ந்ததற்கும் உருவம் மாறும்.

அப்புறம், புது இனம்தானா? நெருங்கிய இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எதில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள். ‘பெரியது, அழகானது’ உதவாது. ‘தடித்த வரிகளுக்கிடையே மூன்று மெல்லிய வரிகள்’ என்பது போல இருக்கட்டும்.

பெயர் ஊரைச் சொல்லட்டும். உங்கள் பெயரையே சூட்டிக்கொள்ள விலங்குப் பெயரிடும் விதிகளில் தடையில்லை, ஆனால் சிரிப்பார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியாக ஒரே ஓட்டைக் குறித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்டுங்கள். இல்லாவிட்டால் பெயர் செல்லாது.