தடைக்காலம் முடியுமுன் படகில் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம் கடுவையாற்றுக் கரையில் அந்த நாட்களில் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடிப்போம், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்போம், வலை பின்னுவோம். பாதுகாப்புச் சாமான்கள் மட்டும் கேபினுக்குள் அப்படியே கிடக்கும். கடைசி நாளில் ஐஸும் டீசலும் ஏற்றும் அவசரத்தில் அவற்றைத் தொடக்கூட நேரம் இருக்காது. ஜூன் முதல் வாரத்திலேயே ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். கெட்டதை மாற்றி வாங்க மீதி நாட்கள் வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்

ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் உடனே எழும்ப வேண்டும். தலையணையாக வைத்துப் படுத்த ஜாக்கெட்டில் பள்ளம் அப்படியே நிற்கும்; அதைக் கழித்துவிடுங்கள். இரண்டு மாதம் சும்மா நின்ற படகில் எலி வாரைக் கடித்திருக்கும், அதையும் இழுத்துப் பாருங்கள். அழுக்கைப் போக்க மண்ணெண்ணெய் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

வயர்லெஸ்

எங்களை ஏமாற்றியது இதுதான். தடைக்காலம் முடிந்து போன முதல் பயணத்தில், இரவில் இன்ஜின் நின்றுவிட்டது. விஎச்எஃப் செட்டில் விளக்கு எரிந்தது. மற்ற படகுகள் பேசுவதும் தெளிவாகக் கேட்டது. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்தது. விட்டால் எரியும், அழுத்தினால் அணையும். டார்ச் அடித்து அடித்துத்தான் பக்கத்துப் படகைக் கூப்பிட்டோம்.

கரைக்கு வந்து எலக்ட்ரீசியன் அண்ணன் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கேட்பதற்கு மிகக் கொஞ்சம் கரண்ட் போதும். 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். வயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் அவ்வளவு கரண்ட் போகாது. வோல்டேஜ் விழுந்து செட் அணைந்துவிடும். அதனால் விளக்கு எரிகிறது, சத்தம் கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். சாதாரணமானதே போதும், இந்த வேலைக்கு அதைவிட உதவும் கருவி வேறில்லை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போதே பேட்டரி முனையிலும் செட்டின் பின்பக்க வயரிலும் அளந்து பாருங்கள். எங்கள் படகில் பேட்டரியில் 12.4 வோல்ட், செட்டில் 9.8. நடுவில் காணாமல் போன வோல்டேஜ் எல்லாம் துருவில்தான் போயிருந்தது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். ஆன்டெனா கனெக்டரையும் கழற்றி இதேபோல் சுத்தம் செய்யுங்கள்.

சரி, கடைசியாக ஒரு பேச்சுச் சோதனை. பக்கத்தில் நிற்கும் படகோடு பேசிப் பார்ப்பதில் பயனில்லை. ஆன்டெனா கெட்டிருந்தாலும் அது கேட்கும். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவரோடு பேசுங்கள். சானல் 16 ஆபத்து அழைப்புக்கானது, அதில் அரட்டை வேண்டாம். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் கேபினில் பெயின்டால் எழுதி வையுங்கள். செல்போன் சிக்னல் இருக்கும் தூரம்வரை அதுவும் உதவும்.

தீயணைப்பான், மிதவை வளையம்

தீயணைப்பானில் முள் பச்சையில் நின்றாலும், இன்ஜின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகியிருக்கலாம். தலைகீழாகப் பிடித்து, பவுடர் உள்ளே சரிவது தெரிகிறதா என்று பாருங்கள். சரியவில்லை என்றால் நிரப்பும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். குழாய் முனையில் குளவி கூடு கட்டியிருக்கும், அதையும் பாருங்கள்.

மிதவை வளையத்துக்கு நைலான் கயிறு கட்டாதீர்கள். அது மூழ்கும், புரொப்பெல்லரில் சுற்றும். மிதக்கும் பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறு 30 மீட்டர் கட்டுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த மல்லிப்பட்டினத்து நண்பர் ஒருவர், ஃபைபர் படகில் கையடக்க செட்தானே இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று கேட்டார். பேட்டரி கழலும் இடத்தில் உள்ள பித்தளைத் தகடுகளைத் துடையுங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு விட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். பழைய பேட்டரி அதற்குள் படுத்துவிடும். செட்டைப் படகில் கட்டாமல் நீங்கள் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் கட்டுங்கள். படகு கவிழ்ந்தாலும் அது உங்களோடு இருக்கும்.