நிலாப் பள்ளங்களைப் பற்றிச் சொல்லும்போது வழுக்கிவிடும் இடங்கள்

போன வருடம் ஒரு பௌர்ணமி ராத்திரி, மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியை வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். டைக்கோ பள்ளமும் அதிலிருந்து நாலா பக்கமும் ஓடும் வெள்ளைக் கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணை எடுக்காமலே ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், விழுந்த கல்லு இன்னும் உள்ளயே கிடக்குமா?" நானும் யோசிக்காமல், "தோண்டினா கிடைக்கும்டா" என்று சொல்லிவிட்டேன். தப்பு. இதே பதிலை நம்பி ஒரு மனிதர் 26 வருடத்தையும் கைக்காசையும் தொலைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் 1.2 கி.மீ. அகலம், 170 மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர் 1903-ல் அந்த இடத்தைத் தன் வசமாக்கிக்கொண்டு, அடியில் 10 கோடி டன் இரும்பு புதைந்திருக்கிறது என்று துளை போட ஆரம்பித்தார். இவ்வளவு பெரிய குழி என்றால் விழுந்ததும் அதற்கேற்ற மலையாகத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. 1929-ல் மோல்டன் என்ற வானியலாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, வந்தது 3 லட்சம் டன் இருந்தாலே அதிகம், அதுவும் மோதிய வேகத்தில் பெரும்பாலும் ஆவியாகியிருக்கும் என்றார். அந்த வருடக் கடைசியில் பாரிங்கர் மாரடைப்பில் இறந்துபோனார். பாவம், விண்ணிலிருந்து விழுந்ததுதான் அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது என்பதில் அவர் சொன்னது சரி, பெரிய பெரிய புவியியலாளர்களே அப்போது அதை ஒப்புக்கொள்ளவில்லை. வந்தது சுமார் 50 மீட்டர் அகல இரும்புச் சிறுகோள் என்பது இன்றைய கணக்கு. பொதுவாகவே பள்ளம் கல்லைவிடப் பத்து, இருபது மடங்கு பெரிசாக இருக்கும்.

காரணம் வேகம். நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லில், ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தில் உள்ள அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. பூமிக்கு வரும் சிறுகோள்கள் சாதாரணமாக 17 கி.மீ. வேகத்தில் வருகின்றன, வேகம் வர்க்கமாகக் கணக்கில் சேருவதால் அது 30 மடங்குக்கு மேல் போய்விடும். ஆக, கல் குழி தோண்டுவதில்லை, வெடிக்கிறது. டைக்கோவின் நடுவில் தெரியும் மலையைக் காட்டி "இதோ அந்தக் கல்" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நிலாவின் சொந்தப் பாறை. அடிபட்டு அமுங்கிய தரை சில நிமிடங்களில் மேலே எம்பி வந்து அப்படியே நின்றுவிட்டது, கிட்டத்தட்ட 2 கி.மீ. உயரத்துக்கு.

பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் தாம்பாளத்தில் கோதுமை மாவைப் பரப்பி, மேலே கேழ்வரகு மாவைத் தூவி, கோலிக்குண்டைப் போட்டுக் காட்டுவார்களே, நானும் செய்வேன். அழகான சோதனை. அடிமாவு வெள்ளைக் கோடுகளாகச் சிதறும்போது டைக்கோவைப் பார்த்தது மாதிரியே இருக்கும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பிள்ளைகள் இரண்டு பொய்யோடு வீட்டுக்குப் போவார்கள். ஒன்று, கோலி முழுசாகக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, சாய்வாக எறிந்தால் குழி நீள்வட்டமாக வரும். இந்த இரண்டாவது விஷயம் குரோவ் கார்ல் கில்பெர்ட் மாதிரியான மகா கெட்டிக்காரப் புவியியலாளரையே குழப்பிவிட்டது. நிலாப் பள்ளங்கள் மோதலால் ஆனவை என்று 1893-லேயே எழுதியவர் அவர். ஆனால் எல்லாக் கல்லும் நேர்செங்குத்தாக விழ வாய்ப்பில்லையே, அப்படியிருக்கப் பள்ளமெல்லாம் ஏன் வட்டமாக இருக்கிறது என்பது அவருக்கு நெருடியது. அதைச் சரிக்கட்ட, பூமியைச் சுற்றிச் சனிக்கோளின் வளையம் மாதிரி ஒரு குட்டி நிலாக் கூட்டம் இருந்து, அதிலிருந்து அவை செங்குத்தாக விழுந்தன என்று ஒரு கதையே கட்டினார். வெடிப்புக்குத் திசை பெரிசில்லை என்பது பிற்பாடுதான் விளங்கியது. தரையோடு தரையாக, பதினைந்து பாகைக்கும் குறைவான சாய்வில் வந்தால்தான் பள்ளம் நீளும். வேடிக்கை என்னவென்றால், இதே கில்பெர்ட்தான் அரிசோனா பள்ளத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நீராவி வெடித்ததால் வந்தது என்று சொல்லிவிட்டு வந்தவர்.

பள்ளம் என்றாலே எரிமலை வாய் என்று எழுதுவது இன்னும் போகவில்லை. மகாராஷ்டிராவின் லோனார் ஏரிக்கும் இந்த வம்பு இருந்தது. 1.8 கி.மீ. அகல வட்டம், சுற்றிலும் தக்காண எரிமலைப் பாறை. யாருக்குத்தான் எரிமலை என்று தோன்றாது? ஆனால் அந்தப் பாறைக்குழம்பு ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்தது, பள்ளம் அதற்கு ரொம்பப் பிந்தியது. தோற்றத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, பாறைக்குள் மோதலின் அதிர்ச்சித் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1960-ல் புவியியலாளர் ஷூமேக்கரின் குழு அரிசோனாவில் கோயசைட் என்ற, கடும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கனிமத்தைக் கண்டுபிடித்துத்தான் அந்த வழக்கை முடித்தது. லோனாரில் எழுபதுகளில் அதிர்ச்சியால் கண்ணாடியாக மாறிய கனிமம் கிடைத்தது.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒன்று: பூமி குடை பிடிப்பதால் நிலாவின் இந்தப் பக்கம் பள்ளம் குறைவு, பின்பக்கம் அடி வாங்கிச் சிதைந்திருக்கிறது. கையை நீட்டி ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் பாருங்கள். நிலாவில் நிற்பவருக்குப் பூமி மறைக்கும் வானம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் குடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தப் பக்கமும் அதே மாதிரி அடி வாங்கியதுதான், பிறகு எரிமலைக் குழம்பு பெருகி வந்து பழைய பள்ளங்களை மூழ்கடித்துவிட்டது. நாம் முயல் என்றும் பாட்டி என்றும் பார்க்கும் கருப்புத் திட்டுகள் அவை. பின்பக்கத்தில் மேலோடு தடிமனாக இருந்ததால் குழம்பு அவ்வளவாக வெளியே வரவில்லை.

இதிலேயே இன்னொரு சறுக்கலும் உண்டு. மோதல் தோண்டிய படுகையும் அதை நிரப்பிய குழம்பும் ஒரே வயது இல்லை. நிலாவின் இந்தப் பக்கத்தில் இருக்கும் இம்பிரியம் என்ற பெரிய படுகை சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. உள்ளே உறைந்திருக்கும் எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி அதற்குப் பல கோடி ஆண்டு பிந்தியது. வெளுத்த மேட்டுநிலம்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அந்தப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் நிறையக் கிடக்கிறது. சந்திரயான் தரையிறங்கியைச் சோதிக்க இஸ்ரோ அதை அரைத்துத்தான் செயற்கை நிலா மண் தயாரித்தது.

பூமியில் பள்ளம் குறைவாகத் தெரிவதும் காற்றுமண்டலத்தால் இல்லை. காற்று சின்னக் கற்களைத்தான் எரிக்கும், கிலோமீட்டர் கணக்கில் வரும் மலையை அது ஒன்றும் செய்யாது. பூமியின் பரப்பு நிலாவைப் போல 13 மடங்கு, ஈர்ப்பும் அதிகம், ஆகவே நிலா வாங்கியதைவிட நாம் வாங்கியது நிச்சயம் அதிகம். மழையும் காற்றும் கண்டத்தட்டுகளும் தடயத்தை அழித்துவிட்டன, அவ்வளவுதான். இன்று உறுதியாகத் தெரிந்தவை 200-க்குப் பக்கம். அவற்றில் மூத்ததாகச் சொல்லப்படும் ஆஸ்திரேலியாவின் யாரபப்பாவுக்கே 223 கோடி வயதுதான்; அதற்கு முந்திய 200 கோடி ஆண்டுக் கதையை நிலாவில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, படிப்பது எப்படி? பள்ளங்களை எண்ணி. அதிகம் இருந்தால் மூத்த தரை, குறைவென்றால் இளைய தரை. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒரு பெரிய மோதலில் தெறிக்கும் கற்களே ஊருக்கெல்லாம் குட்டிப் பள்ளம் போட்டுவிடும். செவ்வாயில் சூனில் என்ற 10 கி.மீ. பள்ளம் ஒன்று மட்டுமே சுமார் ஒரு கோடிக் குட்டிப் பள்ளங்களைப் போட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குட்டிகளை எண்ணி வயது சொல்பவர் ஒரே அடியைக் கோடி முறை எண்ணுகிறார்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். "390 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரென்று சிறுகோள் மழை பொழிந்து பூமி, நிலா, செவ்வாய், புதன் எல்லாம் உருக்குலைந்தன" என்று முடிந்த உண்மையாக எழுதுவது. அப்போலோ கொண்டுவந்த மோதல் பாறைகளின் வயது அந்தக் காலத்தையே சுற்றிக் குவிந்ததால், 1974-ல் டெரா, பாபனாஸ்டாசியூ, வாசர்பர்க் மூவரும் அப்படியொரு பேரழிவு நடந்திருக்கலாம் என்றார்கள். 2005-ல் வியாழனும் சனியும் பாதை மாறியதில் சிறுகோள்கள் கலைந்து உள்ளே பாய்ந்தன என்று ஒரு காரணமும் கிடைத்தது. கதை கச்சிதமாகப் பொருந்தியது, அதுதான் சிக்கல். அப்போலோ இறங்கிய இடமெல்லாம் நிலாவின் இந்தப் பக்கம். அப்போலோ 14 இறங்கியதே இம்பிரியம் மோதலில் தெறித்து விழுந்த குப்பைமேட்டில். அப்போலோ 15 அந்தப் படுகையின் கரையில். ஒரே வீட்டில் நடந்த கல்யாணப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஊரெல்லாம் கல்யாணம் என்று சொன்ன மாதிரி. போதாக்குறைக்கு, பாறைக்குள் சேரும் ஆர்கான் வாயுவை அளந்துதான் வயது சொல்வார்கள், அந்தக் கடிகாரம் சூடு பட்டால் பாதியில் கலைந்துபோகும். அப்படிக் கலைந்த வயதுகள், நிஜத்தில் இல்லாத ஒரு குவியலை உண்டாக்கிக் காட்டும் என்று 2016-ல் போன்கேயும் ஹாரிசனும் காட்டினார்கள். வியாழனும் சனியும் இடம் மாறியதே சூரியக் குடும்பம் பிறந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது என்ற பக்கம்தான் இப்போது பலர் சாய்கிறார்கள். 2024 ஜூனில் சீனாவின் சாங்'இ-6 விண்கலம் நிலாவின் பின்பக்கத்திலிருந்து கொண்டுவந்த மண், தென்துருவ-எய்ட்கென் என்ற 2,500 கி.மீ. மகா படுகைக்கு 425 கோடி வயது என்கிறது. மழை திடீரென்று கொட்டியதா, ஆரம்பத்தில் அடித்துப் பெய்து மெல்ல ஓய்ந்ததா? நான் இரண்டாவது கட்சி. நீங்கள் எந்தக் கட்சியானாலும் "என்று ஒரு கருத்து உண்டு" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் ஒரு சில்லறை விஷயம். பில்லியன் என்பது 100 கோடி. 3.9 பில்லியனை 39 கோடி என்று எழுதிய கட்டுரைகளை நானே பல முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறை எழுதியும் இருக்கிறேன். 39 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மீன்கள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. இம்பிரியம் அளவுக்கு ஓர் அடி அப்போது பூமியில் விழுந்திருந்தால் அந்த மீனும் இல்லை, சைபர் விட்ட நானும் இல்லை.