மாடித் தோட்டத் தக்காளியை பாட்டிலில் அடைக்க

மொட்டைமாடித் தொட்டிகளில் தக்காளி ஒரே வாரத்தில் கூடை கூடையாகப் பழுக்கிறதா? வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடாகவே கண்ணாடி பாட்டிலில் நிரப்புங்கள். மேலே அரை அங்குலம் காலியாக இருக்கட்டும். மூடி புதிதாக இருக்கட்டும்.

450 மில்லி பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கட்டாயம். நாட்டுத் தக்காளிதான் புளிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். புளிப்பு குறைந்தால் பாட்டுலினம் கிருமி வளர்ந்து, உயிரையே பறிக்கும் நஞ்சைக் கக்கும். வாசனையில், ருசியில் தெரியாது.

மூடிய பாட்டிலை, அது முழுக்க மூழ்கும் தண்ணீரில் வைத்து, கொதி வந்தபின் 40 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடல் மட்டத்திலுள்ள சென்னைக்கு இது போதும். ஊட்டியில் கூடுதல் நேரம் வேண்டும். ஆறியதும் மூடியின் நடுவில் அமுக்குங்கள். 'டக்'கென்று எழும்பினால் சீல் ஆகவில்லை. ஃபிரிட்ஜில் வைத்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வெண்டை, அவரைக்கு இந்த முறை ஆகவே ஆகாது.