ஆண்டுக் கணக்கை எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவில் தயாரிப்பது எப்படி

ஆண்டறிக்கையைப் புரட்டும் ஒருவர், ரொக்கப் பாய்வு அறிக்கையில் 'இயந்திரங்கள் வாங்கியது' என்ற வரிக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் 85.40 என்று பார்த்ததும், பக்கத்தின் மேலே 'ரூ. லட்சத்தில்' என்றிருப்பதையும், அடைப்புக்குறி வெளியே போன பணத்தைக் குறிப்பதையும் சேர்த்தே புரிந்துகொள்கிறார். கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் எக்ஸ்.பி.ஆர்.எல். எனப்படும், கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் கணக்கை எழுதும் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் எந்த நிறுவனத்துடையது, எந்தக் காலத்துக்குரியது, எந்த அலகில் உள்ளது, எவ்வளவு துல்லியமானது, எந்தக் கணக்குத் தலைப்பைச் சேர்ந்தது என்ற ஐந்து செய்திகளையும் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அறிக்கை அச்சான பிறகு யாரோ செய்துதரும் வெறும் கோப்பு மாற்றமாக இதை நினைப்பதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கை எழுதியவர் அருகில் இருந்து செய்யவேண்டிய வேலை இது.

இந்தியாவில் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்திடம் ஆண்டுக் கணக்கை இந்த வடிவில் தாக்கல் செய்யும் முறை 2010-11 நிதியாண்டிலிருந்து நடப்பில் உள்ளது. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் அவற்றின் இந்தியத் துணை நிறுவனங்களும், செலுத்தப்பட்ட மூலதனம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ளவையும், விற்றுமுதல் 100 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ளவையும், இண்ட் ஏ.எஸ். என்ற, சர்வதேசத் தரங்களை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரங்களின்படி கணக்கு தயாரிப்பவையும் ஏ.ஓ.சி.-4 எக்ஸ்.பி.ஆர்.எல். படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. ஒருமுறை இந்த வரம்புக்குள் வந்து தாக்கல் செய்துவிட்ட நிறுவனம், அடுத்த ஆண்டு விற்றுமுதல் குறைந்துபோனாலும் இதே வடிவத்தில்தான் தொடர வேண்டும். பலர் கவனிக்காமல் விடும் விதி இது.

முதல் வேலை, நிறுவனம் பின்பற்றும் கணக்கியல் தரத்துக்கு உரிய டாக்ஸானமியைத் தேர்ந்தெடுப்பது. டாக்ஸானமி என்பது அனுமதிக்கப்பட்ட கணக்குத் தலைப்புகளின் அகராதி. இண்ட் ஏ.எஸ். நிறுவனங்களுக்கு ஒன்றும், பழைய கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் தொழில், வணிக நிறுவனங்களுக்கு வேறொன்றும் உள்ளன. ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் தனக்கென்று புதிய தலைப்பை உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு இடமில்லை. ஆகவே இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் எக்செல் தாளின் ஒரு பத்தியில் எழுதி, அடுத்த பத்தியில் அதற்குப் பொருந்தும் டாக்ஸானமித் தலைப்பை, அதன் விளக்கத்தைப் படித்துப் பார்த்தே எழுதுங்கள். பெயர் ஒத்திருப்பது போதாது. பொருந்துவதைத் தேடச் சோம்பி, எல்லாவற்றையும் 'மற்றவை' என்ற தலைப்பில் போட்டுவிடும் வழக்கம் கோப்பின் பயனையே கெடுத்துவிடுகிறது.

அடுத்தது காலம். 2025 மார்ச் 31இல் முடியும் கணக்குக்கு, 2024-25, 2023-24 ஆகிய இரண்டு ஆண்டுக் காலங்கள் மட்டும் போதும் என்று தோன்றும். ஆனால் சொத்து, கடன் போன்ற இருப்புகளுக்கு 2025 மார்ச் 31, 2024 மார்ச் 31 என்ற நாள்களும், முந்தைய ஆண்டின் தொடக்க ரொக்க இருப்பைக் காட்ட 2023 மார்ச் 31 என்ற நாளும் தேவை. முந்தைய ஆண்டுத் தொகைகளை இந்த ஆண்டு மறுவகைப்படுத்தியிருந்தால், சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து எண்களை நகலெடுக்காமல், இப்போது கையெழுத்தான கணக்கில் உள்ளதையே எடுக்க வேண்டும்.

இப்போது அந்த 85.40க்கு வருவோம். கோப்பில் அது 8540000 என்று முழு ரூபாயில் பதிவாக வேண்டும். லட்சத்தில் இரண்டு தசமம் வரை காட்டியிருப்பதால் ஆயிரம் ரூபாய் வரை துல்லியம். எனவே துல்லியத்தைக் குறிக்கும் மதிப்பு, ஆயிரத்தின் மூன்று சுழியங்களுக்கு ஏற்ப, -3. குறி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இயந்திரம் வாங்கியதற்கான தலைப்பு தன் இயல்பிலேயே வெளியே போன பணத்தைக் குறிப்பதால், எண்ணைக் கழித்தல் குறி இல்லாமல் நேர் எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். கழிப்பதை டாக்ஸானமியின் கணக்கீட்டு விதி பார்த்துக்கொள்ளும். அடைப்புக்குறியைப் பார்த்துக் கழித்தல் குறி போட்டால், அந்தத் தொகை கூட்டப்பட்டுவிடும்.

தனியார் நிறுவனம் ஒன்றின் கோப்பை நான் சரிபார்த்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மென்பொருளில் 'லட்சத்தில்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்ததால், 4.12 கோடி ரூபாய் லாபம் வெறும் 412 ரூபாயாகப் பதிவாகியிருந்தது. எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்ததால் கூட்டல்கள் அத்தனையும் சரியாகவே இருந்தன. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஒரு பங்குக்கான வருவாய் மட்டும் 20.60 ரூபாய் என்று சரியாக இருந்தது. பங்குகளின் எண்ணிக்கையான 20 லட்சத்தால் அதைப் பெருக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கோப்பிலும் இந்தப் பெருக்கலை முதலில் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

குறிப்புரைகளே அதிக நேரம் எடுக்கும் பகுதி. சொத்து வகைவாரியான அட்டவணை, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் போன்றவற்றில் ஒரே தலைப்பு, நிலம், கட்டடம், இயந்திரம் என்று பல கிளைகளாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிளையைத் தனித்தனியே குறிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த, கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைத் திருத்தத்தால், வரவேண்டிய பாக்கிகளை 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 ஆண்டு, 1 முதல் 2, 2 முதல் 3, 3 ஆண்டுக்கு மேல் என்று வயதுவாரியாகவும் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த விவரத்தைக் கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மதிப்பீடுதான் கிடைக்கும். இயக்குநர் அறிக்கையும் தணிக்கையாளர் அறிக்கையும் கோப்பில் இடம்பெற வேண்டும் என்பதால், ஒட்டும்போது அட்டவணைகள் சிதைகின்றனவா என்றும் பாருங்கள்.

கோப்பு தயாரானதும், கார்ப்பரேட் விவகார அமைச்சகம் இலவசமாக வழங்கும் வேலிடேஷன் டூலில் ஏற்றிச் சரிபார்த்து, பிழைகளைத் திருத்தி, பின்னர் இணைய இணைப்புடன் ப்ரீ-ஸ்க்ரூட்டினி என்ற முன்சோதனையைச் செய்ய வேண்டும். எழுத்தும் எண்ணுமாக 21 இடங்கள் கொண்ட, நிறுவனத்தின் அடையாள எண்ணான சி.ஐ.என். சரியாக இருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பின்பு டூலிலேயே பி.டி.எஃப். எடுத்து, கையெழுத்தான கணக்கை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் பி.டி.எஃப்.பில் வரிவரியாக டிக் செய்ய வேண்டும். அரை நாள் பிடித்தாலும் இதற்கு மாற்று இல்லை. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கும் இருந்தால் அதற்குத் தனிக் கோப்பு, சரிபார்ப்பும் தனியாகத்தான்.

பின்னர் படிவத்துடன் கோப்பை இணைத்து, இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பமும், தொழில்புரியும் ஆடிட்டர், காஸ்ட் அக்கவுண்டன்ட் அல்லது கம்பெனி செக்ரட்டரி ஒருவரின் சான்றும் பெற்று, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 30 நாள்களுக்குள் பதிவேற்ற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பதிவேற்றிய கோப்பையும், தலைப்புகளைப் பொருத்திய எக்செல் தாளையும், எந்தத் தலைப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற குறிப்போடு ஒரே இடத்தில் சேமித்துவையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும், அவர் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.