ஒரே ரிக்வெஸ்ட்டில் சர்வர் படுத்துவிடுகிறதா? முதலில் எக்ஸிட்டைத் தேடுங்கள்

ஜாவா வெப் அப்ளிகேஷன் அவ்வப்போது தானாக நின்றுவிடுகிறது. லாகில் எக்செப்ஷன் எதுவும் இல்லை, மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றதற்கான தடயம் இல்லை, ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் பிராசஸ்) கிராஷ் ஆனால் எழுதிவிட்டுப் போகும் எரர் ஃபைலும் இல்லை. அப்படியானால் கோடில் எங்கோ சிஸ்டம்.எக்ஸிட் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஒரு வரி ஓடினால் அந்த ரிக்வெஸ்ட் மட்டும் முடியாது, மொத்த ஜேவிஎம்மும் மூடிக்கொள்ளும். ஒரே டாம்கேட்டில் (ஜாவா வெப் சர்வர்) நான்கு அப்ளிகேஷன் ஓடினால் நான்கும் போச்சு. ட்ரை-கேட்ச் போட்டும் பிடிக்க முடியாது, ஃபைனலி பிளாக்கூட ஓடாது. பிஹெச்பியிலிருந்து வருபவர்கள் இதில் ஏமாறுவார்கள், அங்கே எக்ஸிட் போட்டால் நடக்கிற ரிக்வெஸ்ட்டோடு சரி. பாதுகாப்புக் குறைபாடுகளின் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கு 382 என்று தனி எண்ணே உண்டு.

சர்வ்லெட்டுக்குள், அதாவது ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா கோடுக்குள், யாரும் வேண்டுமென்றே இதை எழுதுவதில்லை. யாரோ சிஎஸ்வி இம்போர்ட் செய்ய ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதியிருப்பார்கள். ஃபைலில் நெடுவரிசை (column) ஒன்று குறைந்தால் மெசேஜ் அடித்துவிட்டு எக்ஸிட்(1), அந்த இடத்தில் அது சரிதான். அப்புறம் அதையே ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) ஆக்கி அப்லோடு பக்கத்திலிருந்து கூப்பிடுவார்கள். இனி நெடுவரிசை குறைந்த ஒரு ஃபைலை ஏற்றுகிற எவரும் சர்வரை நிறுத்தலாம், லட்சக்கணக்கில் ரிக்வெஸ்ட் அனுப்பத் தேவையே இல்லை.

சரி செய்வது எளிது. சிஸ்டம்.எக்ஸிட், ரன்டைமின் எக்ஸிட், ஹால்ட் மூன்றையும் கோடு முழுக்கத் தேடுங்கள், சோர்ஸ் கிடைக்கிற லைப்ரரிகளிலும்தான். மெயினுக்குள் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ரிக்வெஸ்ட் எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் எடுத்துவிட்டு எக்செப்ஷன் வீசுங்கள், கன்ட்ரோலரில் அதைப் பிடித்து 400 (தவறான ரிக்வெஸ்ட்) என்று திருப்பி அனுப்புங்கள். ஓட்டாமலே கோடில் பிழை தேடும் ஸ்பாட்பக்ஸ் டூலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு விதி இருக்கிறது, அதை பில்டில் சேர்த்துவிட்டால் அடுத்த ஆள் எழுதும்போதே தெரிந்துவிடும். செக்யூரிட்டி மேனேஜரை (கோடு என்னென்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்திய ஜாவா வசதி) வைத்துத் தடுக்கலாம் என்று பழைய பதில்கள் சொல்லும், நம்பாதீர்கள்: ஜாவா 17இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 24இல் நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள்.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடிலும் இதே கதைதான், பிராசஸ்.எக்ஸிட். கூடவே நோடு 15இலிருந்து, தோற்றுப்போன பிராமிஸை (பின்னால் முடியப்போகும் வேலையின் முடிவைக் குறிப்பது) யாரும் பிடிக்காவிட்டால் பிராசஸே செத்துவிடும், எக்ஸிட் என்று ஒரு எழுத்துகூட எழுதாமலே.

கான்ஃபிகரேஷனில் இரண்டு இடம் பாருங்கள். ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரில் (ஓடும் அப்ளிகேஷனைக் கண்காணிக்கும் பகுதி) ஷட்டவுன் எண்ட்பாயிண்ட் இயல்பாக மூடியே இருக்கும், டெஸ்டிங்குக்காக யாராவது திறந்துவிட்டு மறந்திருக்கலாம். டாம்கேட் 8005 போர்ட்டில் ஷட்டவுன் என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். இயல்பாக அந்த மெஷினுக்குள்ளிருந்து மட்டும்தான் எட்ட முடியும், ஆனாலும் பலர் பகிர்கிற மெஷின் என்றால் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் போர்ட்டை -1 ஆக்கிவிடுங்கள்.

“செத்தால் சிஸ்டம்டி எழுப்பிவிடுமே” என்பார்கள், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராமைத்தான் சொல்கிறார்கள். ரீஸ்டார்ட் அமைப்பு ஆன்-ஃபெயிலியர் என்று இருந்தால், எக்ஸிட்(0) என்று முடிந்த பிராசஸை அது எழுப்பாது, வேலை நல்லபடியாக முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளும். எழுப்பினாலும், இயல்பான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்பாமல் கைவிட்டுவிடும்.