காரை வீட்டில் கழுவுவதா, சுயசேவை நிலையத்தில் கழுவுவதா: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வெயிலில் நிற்கும் உங்கள் காரின் பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சற்று குனிந்து உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிந்தால், அவற்றில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை என்று வைத்துக்கொள்ளலாம். என் முதல் காரை நான் அன்றாடம் காலையில் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வந்தேன். அதை அக்கறை என்றே நினைத்திருந்தேன். ஓராண்டுக்குள் அதன் கருநீல நிறம் மங்கிப் போனபோதுதான், தூசியில் இருக்கும் மணல் துகள்களை நானே துணியால் அழுத்தி இழுத்திருக்கிறேன் என்பது புரிந்தது. நீங்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் எனப்படும் ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரைதான், அதாவது சாதாரண எழுதுதாளின் தடிமனில் ஏறத்தாழ பாதி. பளபளப்பும் வெயிலிலிருந்து நிறத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் இந்தப் பூச்சினால் வருபவை. கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். ஆனால் பாலிஷ் என்பது கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்துத் தேய்த்து மட்டம் செய்வதுதான், தேய்ந்த பூச்சு மறுபடி வளராது. ஆகவே எங்கே கழுவலாம் என்று முடிவு செய்யும்போது, துணியோ கையுறையோ காரைத் தொடுவதற்கு முன்பே மணலையும் சேற்றையும் எந்த இடத்தில் நன்றாக அகற்ற முடியும் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவும் நேரமும் அதற்குப் பிறகு வருபவை.

படி 1: இன்று காரில் என்ன அழுக்கு இருக்கிறது என்று பாருங்கள்

காரை ஒருமுறை சுற்றி வந்து, கதவுகளின் கீழ்ப்பகுதியையும் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறத்தையும் பாருங்கள். மேலே மெல்லிய தூசி மட்டும் படிந்திருந்தால் வீட்டிலேயே குறைந்த நீரில் கழுவிவிடலாம். சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலோ, மண்சாலையில் வெகுதூரம் சென்று வந்திருந்தாலோ, அதை அகற்ற அழுத்தமான நீர்ப்பாய்ச்சல் தேவைப்படும். பணம் செலுத்தி, அங்குள்ள அழுத்த நீர்க் கருவியால் நாமே காரைக் கழுவிக்கொள்ளும் சுயசேவை நிலையமே அதற்கு ஏற்றது. கடற்கரையோரம் ஓட்டியவர்களுக்கும், பனி உருகுவதற்காக உப்புத் தூவிய சாலைகளில் ஓட்டியவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். உப்பு தங்கித் துருவை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில்தான், வீட்டு ரப்பர் குழாயின் நீர் அங்கே சரியாகச் சென்று சேராது.

பறவை எச்சம் மட்டும் கழுவும் நாள்வரை காத்திருக்கக் கூடாதது. அது அமிலத் தன்மை உடையது. வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக நின்றுவிடும். நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு வைத்து, ஊறியபின் தேய்க்காமல் மெதுவாக எடுத்துவிடுங்கள். காரில் மோதி ஒட்டிக்கொண்ட பூச்சிகளுக்கும் இதே முறைதான்.

படி 2: உங்கள் வீட்டின் வசதியை அளந்து பாருங்கள்

மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். முதலாவது நிழல். வெயிலில் சூடான தகட்டின் மேல் ஷாம்பு நுரை காய்ந்து கறையாகிவிடும். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் கழுவுவதைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது நீர். 15 லிட்டர் வாளி ஒன்றை உங்கள் குழாயில் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், குழாயை மூடாமல் பத்து நிமிடம் கழுவும்போது 150 லிட்டர் போய்விடுகிறது என்று பொருள். குழாய் முனையில் அழுத்தினால் மட்டும் நீர் வரும் கன் ஒன்றைப் பொருத்தினால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். நீரின் கடினத்தன்மையையும் கவனியுங்கள். உங்கள் கெட்டிலின் உட்புறத்திலோ குளியலறைக் குழாயிலோ வெள்ளைப் படிவு சேருகிறது என்றால், அந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அது காரின் மேல் தானாகக் காய்ந்தால் அதே படிவு வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும்.

மூன்றாவது, கழுவிய நீர் எங்கே போகிறது என்பது. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. காரைக் கழுவிய நீரில் எண்ணெய்ப் பசையும், பிரேக்கிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள்களும், சோப்புப் பொருட்களும் கலந்திருக்கும். பல ஊர்களில் மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றிலோ ஏரியிலோ கலக்கிறது, சோப்பு கலந்த நீர் மீன்களின் செவுள்களைப் பாதிக்கிறது. இயற்கையில் மட்கக்கூடியது என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும், மட்குவதற்கு நாட்கள் ஆகும் என்பதால் அது நீர்நிலையில் சேரும் நேரத்தில் தீங்கற்றது ஆகிவிடாது. முறையாகக் கட்டப்பட்ட சுயசேவை நிலையங்களில் வண்டலைப் பிடிக்கும் தொட்டியும் எண்ணெயைப் பிரிக்கும் அமைப்பும் இருக்கும். உங்கள் வீட்டு வாசல் சரிவாக வடிகாலை நோக்கி இருந்தால், ஜல்லியோ மண்ணோ உள்ள இடத்தில் காரை நிறுத்திக் கழுவுங்கள். அப்படி இடம் இல்லையென்றால் நிலையத்துக்குச் செல்வதே நல்லது. தெருவில் கார் கழுவுவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் தடை விதித்திருக்கும் இடங்களும் உண்டு என்பதால், உங்கள் பகுதியின் விதியையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

படி 3: முடிவு செய்யுங்கள்

சேறு, உப்பு, அடிப்பகுதி அழுக்கு, நிழலோ வடிகால் வசதியோ இல்லாத வீடு, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சுயசேவை நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய தூசியும் அவசரமில்லாத ஒரு மணி நேரமும் நிழலும் இருந்தால் வீட்டில் கழுவுங்கள். நான் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். நிலையத்தில் சேற்றை மட்டும் அழுத்த நீரால் அகற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாளி நீரில் நிதானமாகத் துடைத்து முடிக்கிறேன். புதியவர்களுக்கு இதுவே ஆபத்துக் குறைந்த வழி என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அண்மையில் மறுபூச்சு அடிக்கப்பட்ட பாகம் இருந்தால், பூச்சு முழுமையாக இறுகும்வரை அதன்மேல் அழுத்த நீரைப் பாய்ச்சக் கூடாது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைப் பெயிண்ட் அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: சுயசேவை நிலையத்தில் கழுவும் முறை

இங்கே கடிகாரம் ஓடத் தொடங்கியபின் யோசிக்க நேரம் இருக்காது, எனவே தயாரிப்பையெல்லாம் பணம் செலுத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, கால்மிதிகளை வெளியே எடுத்து, மழையை உணர்ந்து தானாக இயங்கும் வைப்பராக இருந்தால் அதை நிறுத்திவையுங்கள். மின்சாரக் கார் என்றால் சார்ஜ் ஏற்றும் இடத்தின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நீர், நுரை, இறுதி அலசல் என்று மாற்றுவதற்காகச் சுவரிலுள்ள திருகியில் எந்தெந்த நிலைகள் இருக்கின்றன என்பதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வெகுதூரம் ஓட்டி வந்திருந்தால் சிறிது நேரம் காத்திருங்கள். சூடான பிரேக் தட்டுகளின் மேல் குளிர்ந்த நீர் திடீரெனப் படுவது அவற்றுக்கு நல்லதல்ல.

பிரஷர் கன்னைக் கையில் எடுத்ததும் முதல் சில நொடிகள் தரையை நோக்கிப் பாய்ச்சுங்கள். முன்னால் கழுவியவர் பயன்படுத்திய ரசாயனம் குழாயில் மீந்திருக்கலாம். பிறகு சக்கர வளைவுகளிலும் அடிப்பகுதியிலும் பாய்ச்சிச் சேற்றை அகற்றுங்கள். இதைக் கடைசியில் செய்தால் தெறிக்கும் சேறு கழுவிய கதவுகளின் மேல் மீண்டும் படியும். அடுத்ததாகக் கூரையிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக வாருங்கள். கன்னின் முனை எப்போதும் காரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளியும், நேராகக் குத்தாமல் சாய்வாகவும் இருக்கட்டும். ரப்பர் பட்டைகள், ஸ்டிக்கர்கள், பெயிண்ட் பெயர்ந்த ஓரங்கள், டயரின் பக்கச்சுவர், முன்கிரில்லுக்குப் பின்னாலுள்ள ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு இன்னும் அதிக இடைவெளி விடுங்கள். பெயர்ந்த ஓரத்தில் நீர் அருகிலிருந்து பாய்ந்தால் பெயிண்டைத் தாள் போல உரித்துவிடும்.

அதன்பின் நுரையைத் தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் நன்றாக அலசிவிடுங்கள். அங்கே தொங்கும் நுரைத் தூரிகையை மட்டும் தொடவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு முன் வந்தவர் அதே தூரிகையால் சேறு நிறைந்த சக்கரத்தைத் தேய்த்திருக்கக்கூடும், அந்த மணல் அதன் இழைகளுக்குள் அப்படியே இருக்கும். சொந்த வாளியும் கையுறையும் கொண்டு வந்து பயன்படுத்த அனுமதி உண்டா என்று நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தொடாமலே கழுவி முடிப்பது மேல். தொடாமல் கழுவினால் சாலைப் புகையின் எண்ணெய்ப் பசை மெல்லிய படலமாகத் தங்கியே இருக்கும், விரலால் தடவினால் சாம்பல் நிறம் ஒட்டும். அதற்கு ஏமாற்றம் அடைய வேண்டாம், அந்தப் படலத்தை வீட்டில் எடுத்துவிடலாம்.

உப்புகள் நீக்கப்பட்ட நீரால் இறுதியாக அலசும் வசதி பல நிலையங்களில் இருக்கிறது. அது காய்ந்தாலும் புள்ளி விழாது. வீட்டில் கடினநீர் வருகிறவர்களுக்கு நிலையத்தின் மிகப் பெரிய நன்மையே இதுதான் என்பதால், கடைசி ஒரு நிமிடத்தை இதற்கென ஒதுக்கி வைத்து, கூரை முதல் கீழ்வரை எந்தப் பகுதியும் விடுபடாமல் பாய்ச்சுங்கள்.

படி 5: வீட்டில் கழுவும் முறை

இரண்டு வாளிகள், மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, சக்கரங்களுக்கென்று தனித் துணி, கார் ஷாம்பு, உலர்த்துவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, இவ்வளவே தேவை. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய்ப் பசையை அகற்றுவதற்காகவே செய்யப்பட்ட அது, காரின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். ஒரு வாளியில் புட்டியில் குறிப்பிட்ட அளவில் ஷாம்பு கலந்த நீரும், மற்றொன்றில் வெறும் நீரும் இருக்கட்டும்.

முதலில் சக்கரங்களைத் தனித் துணியால் கழுவி முடியுங்கள். பிறகு கார் முழுவதையும் நீரால் நனைத்து, தளர்ந்த மண் வழிந்தோடும்வரை அலசுங்கள். கையுறையை ஷாம்பு நீரில் முக்கி, கூரையில் ஒரு சிறு பகுதியை மட்டும், அதன் எடையே போதும் என்ற அளவு மென்மையாக, நேர்க்கோட்டில் துடையுங்கள். உடனே அதை வெறும் நீருள்ள வாளியில் நன்றாக அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்பு நீரில் முக்க வேண்டும். துடைப்பில் வந்த மணல் இரண்டாவது வாளியில் தங்கிவிடுவதால், அடுத்த பகுதிக்கு அது போய்ச் சேராது. கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி வந்து, அழுக்கு மிகுந்த கதவுகளின் கீழ்ப்பாதியையும் பம்பர்களையும் கடைசியில் தொடுங்கள்.

இறுதி அலசலின்போது குழாயின் முனையிலுள்ள கன்னைக் கழற்றிவிட்டு, நீர் மெதுவாக விரிந்து வழியும்படி கூரையிலிருந்து விடுங்கள். அது துளிகளையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும், உலர்த்தும் வேலை பாதியாகக் குறையும்.

குழாய் வசதி இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள், அலசத் தேவையில்லாத வகை ஷாம்பு திரவத்தை ஒரு வாளி நீரில் கலந்து பயன்படுத்தலாம். அந்தத் திரவத்தை முதலில் தெளித்துத் தூசியை ஊறவைத்து, பிழிந்த துணியை நான்காக மடித்து ஒவ்வொரு பகுதிக்கும் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொண்டே துடைக்க வேண்டும். இரண்டு முறை மடித்த துணியில் எட்டுச் சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். அவை தீர்ந்தவுடன் வேறு துணியை எடுங்கள், அழுக்கான பக்கத்தை வாளியில் மறுபடி முக்காதீர்கள். இந்த முறை மெல்லிய தூசிக்கு மட்டுமே பொருந்தும். சேறு இருக்கும் காரில் இதை முயன்றால் நான் முன்பு செய்த தவறேதான்.

படி 6: உலர்த்துதல்

எங்கே கழுவியிருந்தாலும் துண்டை விரித்துப் போட்டு, ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பக்கக் கண்ணாடிகளின் கூடுகளிலும் கதவு விளிம்புகளிலும் தேங்கிய நீர் பிறகு வழியும் என்பதால், கதவுகளைத் திறந்து அந்த இடங்களையும் ஒற்றுங்கள். பின்னர் காரைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்துங்கள். நனைந்த பிரேக் முதலில் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும்; காய்ந்ததும் சரியாகிவிடும்.

பயன்படுத்திய துணிகளை வேறு உடைகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் மைக்ரோஃபைபரின் இழைகள் நீரை உறிஞ்சும் திறனை இழந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, உலர்ந்ததும் தூசி படாத பெட்டியில் மூடி வையுங்கள். கழுவும்போது தரையில் விழுந்த துணி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், துவைக்காமல் அதைக் காரின் மேல் மறுபடி வைக்காதீர்கள்.