தொடர்பை விரும்பாத பழங்குடிகள்: நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகள்

அந்தமானில், வெளியுலகத் தொடர்பை மறுத்து வாழும் சென்டினல் மக்களின் வடக்கு சென்டினல் தீவு செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: “பாவம், அவர்களை ஏன் இன்னும் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்?” கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் அந்தமானில் நடந்த பேரழிவுகளில் பல, இப்படிப்பட்ட அக்கறையின் பெயரால்தான் தொடங்கின.

1858இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜய புரம்) கைதிகள் குடியிருப்பு அமைந்தபோது பெரிய அந்தமானியர்கள் என்ற பழங்குடியினர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களை “நாகரிகப்படுத்த” ஆங்கிலேயர்கள் ‘அந்தமான் இல்லம்’ என்ற ஒன்றை நடத்தினார்கள். உணவு, உடை, தங்குமிடம் எல்லாம் கொடுத்தார்கள். அங்கே பிறந்த ஏறத்தாழ 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை. 1877இல் தட்டம்மை பரவியது, பால்வினை நோயும் பரவியது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், கீழே சொல்லும் தவறுகள் ஏன் இவ்வளவு ஆபத்தானவை என்பது புரியும்.

“எனக்கு எந்த நோயும் இல்லையே”

மிகப் பரவலான தவறு இதுதான். நோயின் அறிகுறி தெரியாதவர் நோயைப் பரப்ப மாட்டார் என்பது உண்மையல்ல. தட்டம்மை வந்தவர், உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல் சளியும் அறிகுறிக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே பரவும். நமக்கு வெறும் மூக்கடைப்பாகப் போய்விடும் கிருமி, அதை ஒருபோதும் சந்தித்திராத சமூகத்தில் நுரையீரல் அழற்சியாக மாறலாம்.

பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி இருக்கிறது. நம் ஊரில் தட்டம்மை வந்தால் குழந்தைகள் படுப்பார்கள், பெரியவர்கள் கவனித்துக்கொள்வார்கள். எதிர்ப்பாற்றல் யாருக்குமே இல்லாத இடத்தில் குழந்தை, தாய், தாத்தா எல்லோரும் ஒரே வாரத்தில் படுக்கிறார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை, வேட்டைக்குப் போக ஆளில்லை, பாலூட்டத் தாய்க்குத் தெம்பில்லை. கிருமி கொல்லாமல் விட்டவர்களை நீரிழப்பும் பசியும் கொல்கின்றன. பெரு நாட்டில் நாகுவா மக்களுக்கு 1984இல் மரம் வெட்டிகள் வழியாக முதல் தொடர்பு ஏற்பட்டது. அடுத்து வந்த சுவாச நோய்களில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 

“அப்படியானால் போய்த் தடுப்பூசி போடலாமே” என்ற யோசனையும் பலிக்காது. ஊசி போடப் போவதே முதல் தொடர்பு. தட்டம்மைக்கு ஒரு தவணை போதாது. ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலைக் கவனிக்கவும், வேறு தொற்று வந்தால் மாதக்கணக்கில் மருத்துவம் பார்க்கவும் ஏற்பாடு வேண்டும். செய்யக்கூடியது, அவர்களைச் சுற்றி வாழ்பவர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடுவது: மீனவர்கள், வனத்துறையினர், எல்லைக் கிராமத்தார். நோய் நடந்து போகும் பாதையைத்தான் அடைக்க வேண்டும்.

பரிசுப் பொருள்

1967 முதல் மானுடவியலாளர் திரிலோக்நாத் பண்டிட் உள்ளிட்ட அரசுக் குழுக்கள் வடக்கு சென்டினலுக்குத் தேங்காய் கொண்டுபோயின. 1991 ஜனவரி 4 அன்று, மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழுவிடம் இருந்து அந்த மக்கள் நீரில் இறங்கி வந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டார்கள். அதைப் பலர் “நட்பு மலர்ந்தது” என்று எழுதினார்கள். ஆனால் அந்தப் பயணங்களில் ஒன்றில், தேவைக்கு மேல் நெருங்கித் தங்கியபோது ஓர் இளைஞன் கத்தியை உருவி எச்சரித்ததாகப் பண்டிட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தேங்காயை வாங்கிக்கொள்வது ஒன்று, கரையேற அழைப்பது வேறு. 1990களின் நடுவில் அரசு அந்தப் பயணங்களை நிறுத்தியது சரியான முடிவு.

பொருளுக்கும் விளைவு உண்டு. மாற்றுத் துணியும் சோப்பும் இல்லாமல் கொடுக்கப்படும் உடை, மழைக்காட்டில் நாள் முழுக்க ஈரமாகவே உடம்பில் கிடக்கும். தோல் நோய் வரும். பிஸ்கட்டும் புகையிலையும் பழகினால் சாலையோரத்தில் காத்திருக்கும் பழக்கமும் கூடவே வரும். 2025இல் ஓர் அமெரிக்கர் தீவின் கரையில் தேங்காயும் ஒரு குளிர்பானக் கேனும் வைத்துவிட்டு வந்து கைதானார். அது பெரிய விஷயமா என்று கேட்டவர்கள், 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்: கரையொதுங்கிய பிளாஸ்டிக் கேனில் இருந்த திரவத்தை மது என்று எண்ணிக் குடித்த ஓங்கே பழங்குடி ஆண்கள் 8 பேர் இறந்தார்கள். அப்போது அந்த இனத்தின் மொத்த எண்ணிக்கையே நூறை ஒட்டித்தான் இருந்தது.

சட்டத்தைப் பாதி படிப்பது

2018 ஆகஸ்டில் மத்திய உள்துறை 29 தீவுகளுக்கு ‘தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதி’ என்ற வெளிநாட்டவர்க்கான விதியைத் தளர்த்தியது. பட்டியலில் வடக்கு சென்டினலின் பெயரும் இருந்ததால், அங்கே போகலாம் என்று சிலர் புரிந்துகொண்டார்கள். போக முடியாது. 1956ஆம் ஆண்டின் அந்தமான் நிகோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தீவைச் சுற்றி 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுக்குள் நுழையக் கூடாது. இது இந்தியருக்கும் பொருந்தும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். படம் எடுப்பதும் குற்றமே.

ஜாரவாக்களின் காட்டு வழியே போகும்போது

தமிழ்நாட்டிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் உண்மையில் தவறு செய்ய வாய்ப்புள்ள இடம் சென்டினல் அல்ல, அந்தமான் டிரங்க் சாலை. பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவர்கள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவாப் பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடந்துதான் போகிறார்கள். இந்தச் சாலையின் சில பகுதிகளை மூட 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போக்குவரத்து இன்றும் நிற்கவில்லை. 2012இல் உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன காணொளி வெளியாகி உலகமே கொதித்தது.

போயே ஆக வேண்டுமென்றால்: வாகனங்கள் காவலோடு வரிசையாகத்தான் விடப்படும், வரிசையை விட்டு முந்தச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். கைபேசியை ஜிர்காடாங்கிலேயே பைக்குள் போட்டுவிடுங்கள். கையில் இருந்தால் எடுக்கத்தான் தோன்றும். யாராவது சாலையோரம் நின்றால் கையசைக்க வேண்டாம், எதையும் வீச வேண்டாம், வேகம் குறைக்கச் சொல்ல வேண்டாம். “ஜாரவாவைக் காட்டுகிறேன்” என்று சொல்லும் முகவரிடம் முன்பதிவு செய்யாதீர்கள். வண்டி எண்ணோடு காவல்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப்பன்றி, மான் இறைச்சியை எங்கே யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காப்புப் பகுதிக்குள் புகும் வேட்டைக்காரர்கள் ஜாரவாக்களின் உணவை எடுத்துக்கொண்டு, மதுவையும் நோயையும் விட்டுவிட்டு வருகிறார்கள். பாராடாங்கைத் தவிர்த்தாலே நல்லது என்பது எங்கள் கருத்து. அந்தமானில் பார்க்க வேறு இடங்களுக்குப் பஞ்சமில்லை.

பார்த்ததையும் ஊகித்ததையும் கலப்பது

அறிமுகமில்லாத பண்பாட்டைப் புரிந்துகொள்வதில் படித்தவர்களே அதிகம் சறுக்கும் இடம் இது. சென்டினல் மக்கள் 2001 கணக்கெடுப்பில் 39 பேர், 2011இல் 15 பேர். “பத்தாண்டில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டார்கள்” என்று எழுதிவிட்டார்கள். இரண்டுமே தொலைவிலிருந்து பார்த்து, அன்று கண்ணில் பட்டவர்களை எண்ணிய எண்கள். காட்டுக்குள் இருந்தவர்கள் அதில் இல்லை. இந்த எண்களைக் கொண்டு ஏற்ற இறக்கம் பேசவே முடியாது.

1974இல் படப்பிடிப்புக் குழு ஒன்று கரையில் உயிருள்ள பன்றி, பொம்மை, தேங்காய், அலுமினியப் பாத்திரங்கள் வைத்தது. வந்த பதில் ஓர் அம்பு. இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. பன்றியையும் பொம்மையையும் புதைத்தார்கள், தேங்காயையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். இதுவரை பார்த்தது. “பேய் என்று பயந்தார்கள்”, “பலி கொடுத்தார்கள்” என்பதெல்லாம் ஊகம். குறிப்பு எழுதும்போது இரண்டு பத்தி போடுங்கள்: ஒன்றில் யார், எங்கே, என்ன செய்தார்கள் என்பது மட்டும், மற்றொன்றில் அதற்கு யார் என்ன விளக்கம் சொன்னார்கள் என்பது. வெளியாள் சொன்ன விளக்கமா, அந்த மக்களே சொன்னதா என்றும் குறியுங்கள். சென்டினல் பற்றிய எழுத்துகளில் இரண்டாவது பத்தி முழுக்க முழுக்க வெளியாட்களால் நிரம்பியிருப்பது உடனே தெரிந்துவிடும். அவர்களிடம் பேசிப் பார்க்க அழைத்துச் சென்ற ஓங்கேக்களுக்கே அந்த மொழி புரியவில்லை.

“கற்கால மனிதர்கள்” என்று எழுதுவதும் இந்தக் கலப்படத்தின் விளைவுதான். 1981இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் வடக்கு சென்டினலின் பவளப்பாறையில் தட்டி நின்றது. கரையொதுங்கியதிலும் கப்பலிலும் கிடைத்த இரும்பை அவர்கள் அம்பு முனையாக்கிக்கொள்கிறார்கள். ஓங்கேக்கள் ஒருவகைச் செடியின் தண்டை மென்று, சாற்றை உடம்பில் பூசித் தேனீக்களை விலக்கித் தேன் எடுக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியதைக் கண்டதுமே லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் இருந்த ஓங்கேக்கள் மேட்டுக்குப் போய் உயிர் தப்பினார்கள். அதை “ஆறாம் அறிவு” என்று வியப்பதும் அவமதிப்புதான். அது தலைமுறைகளாகக் கற்றுக் கொடுக்கப்பட்ட அறிவு.

“மூர்க்கர்கள்” என்ற பட்டமும் அப்படித்தான். 1880இல் ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் போர்ட்மன் வடக்கு சென்டினலிலிருந்து முதிய தம்பதி ஒன்றையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குத் தூக்கிச் சென்றார். ஆறு பேருமே நோயில் விழுந்தார்கள், முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுகளோடு கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் எந்தக் கிருமியோடு திரும்பினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அம்பு எய்கிறவர்களைப் பற்றி எழுதுகிறவர் இதையும் எழுத வேண்டும்.

தொடர்பு ஏற்பட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பது

1997 அக்டோபர் முதல் ஜாரவாக்கள் தாமாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. மருத்துவம் உடனே கிடைத்ததால் பெரும் இழப்பு தவிர்ந்தது. அதன்பின் 2004இல் வந்த ஜாரவாக் கொள்கை, அவர்கள் வாழ்க்கையில் தலையிடுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. எந்த மாற்றம் எவ்வளவு வேகத்தில் வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். பள்ளி, வீடு, ரேஷன் என்று ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கொட்டுவது அந்த முடிவைப் பறிப்பது.

மீனவர்கள் கவனிக்க வேண்டியது

2006இல் வடக்கு சென்டினல் அருகே இரவில் படகை நிறுத்தித் தூங்கிய இரண்டு மீனவர்கள், நங்கூரம் பிடிமானம் இழந்து படகு கரைக்கு அடித்துச் செல்லப்பட்டதால் தீவு மக்களின் கையில் உயிரிழந்தார்கள். கயிற்றில் கட்டிய கல் நங்கூரம் பவளப்பாறைக் கடலில் நிற்காது. அந்தப் பக்கம் இரவு தங்கவே கூடாது. 5 கடல் மைலுக்கு வெளியேயும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றால் உடனே கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணிலோ, விஎச்எஃப் ரேடியோவிலோ, ஆபத்து எச்சரிக்கைக் கருவியிலோ தகவல் கொடுங்கள். தீவு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். பாறையில் தட்டி நின்றுவிட்டால் இறங்கி நடக்காதீர்கள், படகிலேயே இருங்கள். பிரிம்ரோஸ் மாலுமிகள் கரையேறாமல் கப்பலிலேயே இருந்து, ரேடியோவில் உதவி கேட்டு, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள்.